மெத்தையின் மூலையில் ஒரு பெயர்

ஒரு மனிதனின் பெயருக்கு விலை நாலாயிரத்து முந்நூறு. வரி தனி. அவசரமாக வேண்டுமென்றால் இரட்டிப்பு. வேறு யாருடைய பெயரும் இல்லை, அவனவன் பெயர்தான். பிறந்த வாரத்தில் சும்மா வந்து ஒட்டிக்கொண்டதே, அது.

இந்த விலை நிலவரம் மெத்தைக் கடைக்காரருக்குத் தெரியவந்தபோது அவர் ஓர் இரட்டைக்கட்டில் மெத்தைக்குக் கடைசித் தையல் போட்டுக்கொண்டிருந்தார். கடைசித் தையல் என்பது அவருடைய பெயர் நெய்த சிறிய துணிப்பட்டையைக் கால்மாட்டு மூலையில் வைத்து நாலு பக்கமும் இழுத்துத் தைப்பது. அந்தப் பட்டை இல்லாமல் அவர் கடையிலிருந்து ஒரு மெத்தையும் வாசல் தாண்டியதில்லை. அதில் ஒரு வியாபார நியாயம் இருந்தது. மெத்தைக்குள் நல்ல பஞ்சு இருக்கிறதா, பழைய கோட்டுக் கந்தல் இருக்கிறதா என்று வாங்குகிறவன் கிழித்துப் பார்க்க முடியாது. வெளியே தெரிவது பெயர் ஒன்றுதான். ஜனங்கள் மூலையைப் புரட்டிப் பெயரைப் பார்ப்பார்கள், பணத்தைக் கொடுப்பார்கள், வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள்.

வாசலில் வந்து நின்ற ஆள் முதலில் கடைப் பலகையைப் படித்தார். பிறகு ஒரு மெத்தையின் மூலையைப் புரட்டிப் படித்தார். பிறகு, துக்க வீட்டுக்கு வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"நான் பெயர்ப் புகழ் வாரியத்தோட ஆய்வாளர். பலகையில இருக்கறது யார் பேரு?"

"என் பேருதாங்க."

"உங்க பேருன்னு யார் சொன்னது?"

மெத்தைக் கடைக்காரர் யோசித்தார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. "எல்லாரும் சொல்றாங்களே."

"ஊர்ல ஒரு நிலத்தை எல்லாரும் உங்களுதுன்னு சொன்னா, உங்களுதாயிடுமா? பத்திரம் வேணாமா?"

உள்ளே பஞ்சு அடித்துக்கொண்டிருந்த மச்சினன் எட்டிப் பார்த்தான். புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருந்ததால் ஊரில் அவனுக்குப் பஞ்சு என்றே பெயர். "அத்தான், யாரது? கடன் கேக்க வந்தவரா, கடன் குடுக்க வந்தவரா?"

"ரெண்டும் இல்ல" என்றார் ஆய்வாளர். "உங்க அத்தான் பேரை மீட்க வந்திருக்கேன்."

வாரியம் எப்படிப் பிறந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மேலிடத்தில் ஒருவருக்கு ஒரு மழைநாளில் வேலை இல்லாமல் போயிற்று. பெரிய மனிதர்களின் அகராதி ஒன்றைப் புரட்டியவர், ஒரே பெயரில் ஐந்து பேர் இருப்பதைக் கண்டு எழுந்து உட்கார்ந்தார். ஒருவர் மல்லர். ஒருவர் கண் மருத்துவர். ஒருவர் வால்நட்சத்திரம் கண்டுபிடித்தவர். ஒருவர் தலைமை நீதிபதி. ஒருவர் பாடகர். இந்த ஐந்து பேருக்கும் பொதுவாக இருந்தது பெயர் மட்டும்தான். ஆகவே சாதித்தது பெயர்தான் என்று முடிவாயிற்று. உழைப்பும் இருந்தது, ஆனால் அது ஆளுக்கு ஒரு மாதிரியாக இருந்ததால் கணக்கில் சேர்க்கவில்லை. அப்படி ஒரு பெயர் ஐந்து மேதைகளைப் பெற்றுத்தரும் என்றால், அதைக் கண்டவரும், ஒரு மெத்தைக் கடைக்காரர்கூட, வைத்துக்கொண்டு தேய்க்கலாமா? வாரியம் பிறந்தது. கட்டடம் பிறந்தது. கட்டடத்துக்குள் தூக்கம் பிறந்தது.

"சரிங்க, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார் மெத்தைக் கடைக்காரர்.

"ஜனங்க உங்க மெத்தையில படுக்கறாங்களா இல்லையா?"

"அதுக்குத்தானே வாங்கறாங்க."

"அப்ப தலைமை நீதிபதி எங்க இருக்கார்? கால்மாட்டுல. வெடிச்ச குதிகாலை எல்லாம் மல்லர் மேல தேய்க்கறாங்க."

"தலைமாட்டுல தைச்சுடட்டுமா?"

"தலைமாட்டுல வெச்சா எண்ணெய் படும். கண் மருத்துவர் இதைப் பார்த்தா என்ன நினைப்பார்?" ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல உங்களை யாராவது பேர் சொல்லிக் கூப்பிடறாங்களா?"

"எங்க அம்மா கூப்பிடுவாங்க."

"உங்க சம்சாரம்?"

"இந்தாங்க, அந்தாங்கன்னு கூப்பிடுவா."

"அப்ப அவங்களுக்கு விலக்கு உண்டு. அம்மா கொஞ்சம் குறைச்சுக்கட்டும்." அவர் உள்ளே வந்து, இப்போதுதான் தைத்து முடித்த மெத்தையைக் காட்டினார். "இதைச் சான்றுப் பொருளா எடுத்துட்டுப் போறேன். மாசக் கடைசிக்குள்ள பேரு எந்த வழியில வந்துச்சுன்னு வாரியத்துல நிரூபிச்சு, நாலாயிரத்து முந்நூறு கட்டி அனுமதிச் சீட்டு வாங்கணும். இல்லேன்னா பலகையைச் சுரண்டுவோம், பட்டையைப் பிரிப்போம்."

"சான்றுக்கு ஒரு சின்ன ஒத்தை மெத்தை போதுமே" என்றான் பஞ்சு.

"போதாது. தலைவர் கொஞ்சம் அகலமானவர்."

அன்று சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் ஆலோசனை நடந்தது. மனைவி வியாபாரக் குடும்பத்துப் பெண். எந்த விலையையும் கேட்டவுடன் பாதியாக்கிப் பார்ப்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. "இரண்டாயிரத்துக்கு முடியுமான்னு கேட்டீங்களா?"

"பேரம் பேச நான் என்ன கத்திரிக்காயா வாங்கப் போறேன்? என் பேருடி."

"உங்க பேரை நாலாயிரத்து முந்நூறுக்கு வேற யாரு வாங்கப் போறா? வாங்க ஆள் இல்லாத சரக்கை இறக்கித்தான் பேசணும்."

மூலையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, மகனைப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். ஒரு காரணமும் இல்லை. கூப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் மெத்தைக் கடைக்காரரும் பஞ்சுவும் வாரியத்துக்குப் போனார்கள். அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெயரை உள்ளே யாரும் உச்சரிக்கக் கூடாது. 'அப்பெயர்' என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அந்தக் கட்டடத்தில் அதைத் தவிர வேறு பேச்சு இல்லாததால், ஊழியர்கள் நின்று நின்று களைத்து, மத்தியானம் படுத்துவிடுவார்கள். மெத்தை எங்கே போனது என்பது அப்போதுதான் பஞ்சுவுக்குப் புரிந்தது.

ஐந்து மேதைகளுக்கும் ஐந்து பிரிவுகள். ஐந்திலும் 'ஆட்சேபம் இல்லை' என்று முத்திரை வாங்க வேண்டும். மல்லர் பிரிவில் அவரை எடை போட்டார்கள். இவ்வளவு எடைக்கு இவ்வளவு பெரிய பெயர் தாங்காது என்று உதட்டைப் பிதுக்கினார்கள். கண் மருத்துவர் பிரிவில் சுவரில் எழுத்துப் பலகையைக் காட்டி, கடைசி வரியைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரியில் அப்பெயர் இருந்தது. படித்தால் விதிமீறல், படிக்காவிட்டால் பார்வைக் குறைவு. அவர் எழுந்து நின்றார். அதற்கு மட்டும் பாராட்டினார்கள். வானியல் பிரிவில், வால்நட்சத்திரம் திரும்பி வரும் ஆண்டில் வரச் சொன்னார்கள். நீதிப் பிரிவு தீர்ப்பை ஒத்திவைத்தது. வழக்கு என்ன என்று கேட்கவில்லை.

பாடகர் பிரிவின் வாசலில் ஒரு கிழவர் கம்பளிக் கழுத்துத்துணியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெத்தைக் கடைக்காரர் உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு வந்திருக்கீங்க ஐயா?"

"புதுப்பிக்க. வருஷா வருஷம் வர்றேன். நான்தான் அந்தப் பாடகர்."

மெத்தைக் கடைக்காரர் சட்டென எழுந்து நின்றார். கிழவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "உட்காருப்பா. எல்லாரும் எழுந்து எழுந்து எனக்கே முட்டி வலிக்குது."

"நீங்களே அந்த ஐஞ்சு பேர்ல ஒருத்தர். உங்களுக்கு எதுக்கு அனுமதி?"

"மத்த நாலு பேரும் செத்துட்டாங்க. அவங்களால ஒரு தொந்தரவும் இல்ல. நான் ஒருத்தன்தான் உயிரோட இருக்கேன். திடீர்னு ஒருநாள் தப்பா பாடிட்டா அப்பெயருக்குக் களங்கமாம். அதனால பாடவே வேணாம்னு எழுதி வாங்கிட்டாங்க." கிழவர் சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாக முனகினார், நன்றாகத்தான் இருந்தது. "முனகறதுக்குத் தடை இல்ல. அடுத்த கூட்டத்துல பேசறதா இருக்காங்க."

முத்திரை ஒன்றும் விழாததால் விஷயம் தலைவரின் விசாரணைக்குப் போயிற்று. பெயர் வைத்தவரையும் அழைத்து வரச் சொல்லி உத்தரவு. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டதால் அம்மா வந்தாள். உட்கார நாற்காலி இல்லை. அம்மா சுற்றிப் பார்த்து, சுவரோரம் போட்டிருந்த சான்றுப் பொருளின்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கையால் அழுத்திப் பார்த்தாள்.

"நம்ம மெத்தைடா இது. அதுக்குள்ள நடுவுல குழி விழுந்திருக்கு. பகல்ல எந்த எருமை படுக்குது?"

தலைவர் தொண்டையைச் செருமினார். அகலமானவர்தான். "அம்மா, உங்க மகனுக்கு அப்பெயரைச் சூட்டினப்ப எந்த மேதையை மனசுல வெச்சிருந்தீங்க?"

எல்லோரும் எழுந்து நின்றார்கள். அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"மேதையா? வலி வந்தப்ப நான் பஸ்ஸுல இருந்தேன். கூட யாரும் இல்ல. பஸ் முழுக்க ஜனம். டிரைவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அப்படியே ஸ்டியரிங்கை ஒடிச்சு வேற ரோட்டுல விட்டான். உள்ள இருந்தவனெல்லாம் கத்தறான், வேலைக்கு நேரமாச்சு, என் ஸ்டாப்பு போச்சுன்னு. அவன் காதுலயே வாங்கல. ஆஸ்பத்திரி வாசல்லதான் நிறுத்தினான். இறங்கறப்ப உன் பேரென்னப்பான்னு கேட்டேன். சொன்னான். அதையே வெச்சேன். அவ்வளவுதான். இதுல உங்களுக்கு எங்க வலிக்குது?"

"அந்த டிரைவர் இப்ப எங்கே?"

"மறுநாளே வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கன்னு சொன்னாங்க. வழி மாறிப் போனதுக்கு. அப்புறம் தேடிப் பார்த்தோம், கிடைக்கல. இப்ப இருக்க மாட்டான், அப்பவே நரைச்சிருந்தது."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். "டிரைவர் எந்தத் துறை?"

செயலாளர் புரட்டினார். "துறை இல்லீங்க."

"இல்லையா?" தலைவரின் முகத்தில், பூட்டிய கடையின் சாவி தன் பையிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தவனின் வெளிச்சம் வந்தது. "இல்லேன்னா உருவாக்கணும். ஆறாவது பிரிவு. பிரிவுன்னா ஒரு துணைத் தலைவர். அவருக்கு ஒரு உதவியாளர். உதவியாளருக்கு ஒரு கார். காருக்கு ஒரு டிரைவர்…" இங்கே கொஞ்சம் தயங்கினார். "டிரைவர் பேரு வேற எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றான் பஞ்சு. "உங்க பேரு என்னங்க சார்?"

செயலாளர் கூரையைப் பார்த்தார்.

"என் பேர்ல இதுவரைக்கும் யாரும் எதுவும் சாதிச்சதில்ல" என்றார் தலைவர், நெஞ்சை நிமிர்த்தி. "அதனாலதான் என்னால பாரபட்சமில்லாம நடந்துக்க முடியுது."

தீர்ப்பு இதுதான்: மெத்தைக் கடைக்காரரின் பெயர் டிரைவரிடமிருந்து வந்தது. ஆகவே அனுமதி தர வேண்டியது டிரைவர் பிரிவு. டிரைவர் பிரிவு இன்னும் திறக்கப்படவில்லை. திறக்க வேண்டுமானால் மற்ற ஐந்து மேதைகளைப் போல டிரைவரின் படமும் வேண்டும். பஸ் கம்பெனியில் கேட்டார்கள். வேலையை விட்டுத் தூக்கியபோது ஆளோடு சேர்த்துப் படத்தையும் தூக்கிவிட்டார்களாம்.

இரண்டு நாளில் ஆய்வாளர் கடைக்கு வந்தார். கையில் ஒரு காக்கிச் சட்டை.

"போட்டுக்குங்க. படம் எடுக்கணும்."

"யார் படம்?"

"டிரைவர் படம்."

"நான் டிரைவர் இல்லையே. எனக்கு சைக்கிளே தடுமாறும்."

"பேரு ஒண்ணா இருந்தா சாதனை ஒண்ணா இருக்கும்னுதான் வாரியமே நடக்குது. சாதனையே ஒண்ணா இருக்கறப்ப முகம் ஒண்ணா இருக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" ஆய்வாளர் அன்பாகத் தோளில் கை போட்டார். "படம் மாட்டற அன்னிக்கே உங்க அனுமதிச் சீட்டு கையில. தலைவர் வாக்கு."

மெத்தைக் கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். "முகத்துக்குத் தனியா ஏதாவது தருவாங்களான்னு கேளுங்க" என்றாள் அவள். தரமாட்டார்கள். பெயரைக் காப்பாற்ற வேண்டும். ஆனை வாங்கியாகிவிட்டது, அங்குசத்துக்கு அழுவானேன் என்று அவர் காக்கியை மாட்டிக்கொண்டார். தலையில் மாவு தூவி நரையாக்கினார்கள். கையில் பிடிக்க ஸ்டியரிங் கிடைக்கவில்லை. கடையிலிருந்த வட்டத் தலையணை ஒன்றைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். அது பிறகு திரும்பி வரவில்லை.

திறப்பு விழாவுக்கு வாரியம் ஜோடித்திருந்தது. மேடையில் தலைவர். ஓரத்தில், பாட அனுமதி இல்லாத பாடகர். முதல் வரிசையில் அம்மா. திரை விலகியது. ஆளுயரப் படத்தில் மெத்தைக் கடைக்காரர் மாவுத் தலையோடு வட்டத் தலையணையைப் பிடித்துக்கொண்டு தொலைதூரத்தைப் பார்த்தார்.

"இந்த முகத்தைப் பாருங்கள்!" என்றார் தலைவர். மேடைக்கென்று அவரிடம் தனித் தமிழ் இருந்தது. "விதியை மதித்த முகம்! தன் வழியை விட்டு ஓர் அங்குலமும் விலகாத முகம்! நாங்களும் அப்படித்தான். எங்கள் வாசலில் எத்தனை பேர் துடித்தாலும் நாங்கள் எங்கள் வழியிலிருந்து விலகியதில்லை!"

கைதட்டல். அது நிற்பதற்குள் அம்மாவின் குரல் கேட்டது.

"அடப் பாவிகளா, அது என் பிள்ளைடா! அந்த டிரைவர் வழி மாறிப் போனதாலதான்டா இவன் பொழைச்சான்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பாடகர் கழுத்துத்துணிக்குள் வாயைப் புதைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. தலைவர் கலங்கவில்லை. செயலாளர் நீட்டிய விதிப்புத்தகத்தை ஒருமுறை பார்த்தார்.

"தாயின் சாட்சியம் செல்லாது. சம்பவத்தின்போது அவர் வலியில் இருந்தார்."

மறுநாள் மெத்தைக் கடைக்காரர் புதிய பிரிவுக்கு அனுமதிச் சீட்டு வாங்கப் போனார். துணைத் தலைவர் அவரைப் பார்த்தார், சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன தைரியம் உங்களுக்கு! அப்பெயரை வெச்சிருக்கீங்க. இப்ப அந்த மேதையோட முகத்தையும் வெச்சுக்கிட்டு வந்து நிக்கறீங்க. இது ஆள்மாறாட்டம்!"

"ஐயா, அந்தப் படமே நான்தான்."

"இதையேதான் எல்லா ஆள்மாறாட்டக்காரனும் சொல்வான்." அவர் மனுவின்மேல் 'நிராகரிக்கப்பட்டது' என்று குத்தினார். "முகத்துக்கு என்ன கட்டணம்னு இன்னும் முடிவாகல. அதுவரைக்கும் மீசையாவது வெச்சுக்குங்க."

மாசக் கடைசியில் இரண்டு பேர் ஏணியோடு வந்து கடைப் பலகையைச் சுரண்டினார்கள். நல்ல எண்ணெய்ச் சாயம், சீக்கிரம் போகவில்லை. பிறகு உள்ளே வந்து அடுக்கியிருந்த மெத்தைகளின் மூலைகளைப் பிளேடால் பிரித்துப் பட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டார்கள். போகும்போது புதுப் பிரிவுக்கு நாலு இரட்டை மெத்தையையும் ஏற்றிக்கொண்டார்கள். பணம் அடுத்த நிதியாண்டில்.

அன்று சாயங்காலம் பழைய வாடிக்கையான தையல்கார அம்மாள் மகளுக்கு மெத்தை வாங்க வந்தாள். பழக்கப்படி மூலையைப் புரட்டினாள். ஊசித் துளைகள் மட்டும் இருந்தன.

"பேரு எங்க?"

"வாரியத்துல இருக்குங்க."

"பேரு இல்லாத மெத்தைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே தைச்சேன். என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உங்களை எங்கயோ பெரிய படத்துல பார்த்திருக்கேன். டிரைவர்தானே நீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எதிர்க்கடைக்குப் போனாள். எதிர்க்கடைக்காரர் மெத்தைக்குள் என்ன வைப்பார் என்பது தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பெயரில் மட்டும் ஒரு குறையும் இல்லை. அந்தப் பெயரில் யாரும் இன்னும் புகழ் பெறவில்லை.

மெத்தைக் கடைக்காரர் முக்காலியில் உட்கார்ந்து, நூல் கோக்காத ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சரியாக வரவில்லை; பழக்கம் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

"உனக்கு விலக்கு போயிடும்டி" என்றார் அவர்.

"போனா போகுது. எவ்வளவு கேப்பாங்க? பாதிக்கு முடிச்சுடலாம்."

அம்மா வெளியே நின்று வெறும் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பலகை சும்மா கிடக்குது, பாக்கச் சகிக்கல" என்றாள். "டேய் பஞ்சு, ஏணியை எடு. சாக்பீஸை எடு. நான் சொல்றதை எழுது. நல்லா பெருசா எழுது, அந்த மேதைகளுக்குக் கண்ணு தெரியணும்."

பஞ்சு ஏறினான். அம்மா சொல்லச் சொல்ல, கடைத்தெரு கூடி நின்று படித்தது:

வாரியத்துக்குப் போனது: இரட்டை மெத்தை ஐந்து, வட்டத் தலையணை ஒன்று, பிள்ளையின் முகம் ஒன்று. படுத்துத் தொலையட்டும், தள்ளுபடி.

டிரைவரிடம் வாங்கியது: பெயர் ஒன்று. அவன் விலை கேட்கவில்லை.

வாரியம் எடுத்துக்கொண்டது: அதே பெயர் ஒன்று. விலை கொடுக்கவில்லை.

பாக்கி: பெயர் ஒன்று. வர வேண்டியது.